பட்டியல் மட்டும் போதாது, ஒரு வாக்கியமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் தினமும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் பொருளையும் அதே பொருள் தரும் மற்றச் சொற்களையும் போடுகிறீர்கள். மாலையில் என்னிடம் பாடம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. போன வாரம் 'பிக்' வந்தது. பொருள்: பெரிய. அப்புறம் லார்ஜ், கிரேட், ஹியூஜ், என்னார்மஸ், வாஸ்ட், இம்மென்ஸ் என்று ஒரு வரிசை. அவ்வளவுதான். எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று காட்ட ஒரு வாக்கியம்கூட இல்லை.

இந்த வரிசையைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்றுதானே? 'மை பிக் பிரதர்' என்பதை 'மை லார்ஜ் பிரதர்' என்று மாற்றி எழுதுகிறது. இலக்கணத்தில் தப்பே கிடையாது. ஆனால் படிக்கிற ஆங்கிலேயருக்கு மூத்த அண்ணன் போய், உடம்பு பெருத்த அண்ணன் வந்து நிற்பான். தமிழிலும் இதே கதைதான். பெரிய மனிதர் வேறு, பெருத்த மனிதர் வேறு. கொழுத்த லாபம், பெருத்த நஷ்டம் என்கிறோம், பருத்த நஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பிறந்ததிலிருந்து காதில் விழுந்து விழுந்து வந்தது. ஆங்கிலம் வீட்டில் காதில் விழாத பிள்ளைக்கு அதை அச்சில்தான் கொடுத்தாக வேண்டும்.

'பிக்' ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். 'பிக் கேட்' என்றால் சிங்கம், புலி, சிறுத்தை வகை. 'லார்ஜ் கேட்' என்றால் வீட்டில் வளரும் பூனைதான், கொஞ்சம் பெரிய சைஸ். கால் கட்டைவிரல் 'பிக் டோ', ஆனால் பெருங்குடல் 'லார்ஜ் இன்டெஸ்டைன்', இரண்டையும் மாற்றிச் சொல்ல முடியாது. கல்யாண நாளை 'பிக் டே' என்பார்கள், லார்ஜ் டே என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு 'பிக் ஹார்ட்' என்றால் தாராள மனசு, 'என்லார்ஜ்ட் ஹார்ட்' என்று மருத்துவர் எழுதினால் அது இதயம் வீங்கிய நோய். அளவையும் எண்ணிக்கையையும் பற்றிப் பேசும்போது 'லார்ஜ் அமவுன்ட்', 'லார்ஜ் நம்பர்' என்று லார்ஜ்தான் இயல்பாக வரும். 'கிரேட் மேன்' மாமனிதர், 'பிக் மேன்' ஆள் வாட்டசாட்டமானவர். 'வாஸ்ட்' என்பது பரப்புக்கு உரியது, பாலைவனம், கடல், சமவெளி இவற்றுக்குச் சொல்லலாம், யானைக்குச் சொன்னால் ஒட்டாது. 'என்னார்மஸ்' என்பதில் கெட்ட அர்த்தம் ஏதும் இல்லை, ஆனால் அதன் உடன்பிறப்பான 'என்னார்மிட்டி' பல இடங்களில் பெருங்கொடுமையைக் குறிக்கும். இது தெரியாமல் பாராட்டுக் கட்டுரையில் அதைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்!

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, அதற்கும் உங்கள் பக்கத்தில் இரண்டு வரி இடம் இருக்கலாம். 'கிரேட்' பழைய ஆங்கிலச் சொல், அப்போது அதற்குத் தடித்த, பருமனான என்று பொருள். 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக உள்ளே வந்தன, அந்த வழியில் வந்ததுதான் 'லார்ஜ்'. முதலில் அது தாராளமான என்ற பொருளில் இருந்தது, இன்றைய பிரெஞ்சில் அதே சொல் அகலமான என்று பொருள்படுகிறது. 'பிக்' எங்கிருந்து வந்தது என்று இன்னும் உறுதியாகவில்லை, ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள், ஆரம்பத்தில் அதன் பொருள் வலுவான என்பதுதான். ஆக, வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்த சொற்கள், தனித்தனி வேலை வைத்திருக்கின்றன. ஒரே அடைப்புக்குள் போட்டால் அந்த வேலை தெரியாமல் போகிறது.

சொற்களை வெறும் பட்டியலாகப் பார்க்கும் பழக்கத்துக்குப் பின்னால் 1852இல் வெளிவந்த பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவரின் 'தெசாரஸ்', அதாவது ஒத்த பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்த நூல், இருக்கிறது என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அருமையான புத்தகம். 1805லேயே தன் சொந்த உபயோகத்துக்காகத் தொகுக்க ஆரம்பித்து, எழுபது வயதைத் தாண்டி அச்சிட்டார். ஆனால் அது யாருக்காக? சொல் ஏற்கெனவே தெரியும், எழுதும்போது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, அப்படிப்பட்டவருக்காக. கருத்து கையில் இருக்கிறது, சொல்லைத் தேடுகிறார், அவருக்குப் பட்டியலைப் பார்த்ததும் சரியானது எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். புதிதாக ஆங்கிலம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ரோஜேவுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே, 1794இல், ஹெஸ்டர் பியோட்ஸி என்ற அம்மையார் ஆங்கில இணைச்சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய தோழி அவர், அவருடைய இரண்டாவது கணவர் இத்தாலிய இசைக்கலைஞர். ஆங்கிலம் படிக்கும் தன் வெளிநாட்டு நண்பர்களுக்கே அந்நூலைச் சமர்ப்பித்திருக்கிறார். பட்டியல் போட்டு விட்டுவிடாமல், பேச்சில் எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்று விளக்கி எழுதினார். வெளியிலிருந்து வந்து மொழியைக் கற்பவருக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிற்பாடு ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியும் கற்பவர்களை மனதில் வைத்துச் செய்ததுதான், சொல்லை வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டியது. பின்னாளில் ஆக்ஸ்போர்டு வெளியிட்டு உலகம் முழுக்கப் போனது அதுதான்.

'தேர்வில் சினானிம்தானே (அதே பொருள் தரும் சொல்) கேட்கிறார்கள்' என்று நீங்கள் சொல்லலாம். நம் பத்தாம் வகுப்பு வினாத்தாளிலேயே சொல்லைத் தனியாகக் கொடுப்பதில்லை, ஒரு வாக்கியத்தில் வைத்துத்தான் அதற்கு நிகரானதைக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் எந்தப் பொருள் என்று புரியாமல் விடை எழுத முடியாது.

நான் கேட்பது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஏழு சொற்களுக்குப் பதில் மூன்று போடுங்கள், போதும். அந்த மூன்றுக்கும் தலா ஒரு சின்ன வாக்கியம், அதுவும் பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயத்திலிருந்து, பள்ளி, பஸ், கிரிக்கெட், சமையல் என்று எதுவானாலும் சரி. எங்கே மாற்றிப்போடக் கூடாதோ அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இடம் பற்றாது என்றால் வாரத்துக்கு மூன்று சொல் வந்தாலே போதும், தினமும் வரவேண்டும் என்ற கட்டாயம் பிள்ளைகளுக்கு இல்லை.

'பிக்' வந்துவிட்டதால் அடுத்து 'ஸ்மால்' வரும் என்று நினைக்கிறேன். அதில் 'லிட்டில்' என்பதையும் கட்டாயம் சேர்ப்பீர்கள். 'லிட்டில் சிஸ்டர்' என்றால் தங்கை என்பதையும், தங்கை என்ற பொருளில் 'ஸ்மால் சிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை என்பதையும் தயவுசெய்து அங்கேயே அச்சிட்டு விடுங்கள். இங்கே பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையே வெட்டி ஒட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
தஞ்சாவூர்