படத்தில் இல்லாத சிலந்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஒலிநூல்கள் பற்றிய கட்டுரையில், சினிமாவாக வந்த கதையை ஒலிநூலாக்குவது வீண் வேலை, அதுவும் ராட்சதக் குரங்கின் கதையான 'கிங் காங்' மாதிரி கண்ணுக்காகவே எடுத்த படத்தைக் காதால் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 78 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் நீர் அழுத்தத்தால் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட நாளில் பார்த்த கிங் காங்கைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். அதனால் முதலில் படத்தையே போட்டுவிட்டேன், வசனத்தை வைத்துப் புரிந்துகொள்வார் என்று நினைத்து. நடக்கவில்லை. கப்பல் தீவுக்குப் போய்ச் சேரும் வரை எல்லாரும் பேசிக்கொண்டே வருகிறார்கள், அது சரி. காட்டுக்குள் நுழைந்த பிறகு பேச்சு ரொம்பக் குறைவு. காங்கும் டைனோசரும் மோதுகிற இடம் முழுக்க உறுமலும் கதாநாயகி ஃபே ரேயின் அலறலும்தான். "இப்ப யாருடா மேல இருக்கா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் காங் டைனோசரின் தாடையைப் பிளந்துவிட்டது. போதும், நிறுத்து என்றுவிட்டார்.

படத்தைக் காதால் கேட்பது நமக்குப் புதிதில்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தைக் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவை வசனத்தால் நிற்கிற படங்கள். காங் என்பது தந்திரக் காட்சிக் கலைஞர் வில்லிஸ் ஓப்ரையன் சுமார் ஒன்றரை அடி பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்த உருவம். பொம்மைக்குப் போர்த்திய முயல் ரோமம் கை பட்டுப் பட்டுக் கலைந்து அசைவதுகூடத் திரையில் தெரியும். இதை ஒலித்தடத்தில் எங்கே போய்த் தேடுவது?

ஒலிநூல் வேறு சங்கதி. படம் 1933 மார்ச்சில் வந்தது, அதற்கு முன்பே 1932 டிசம்பரில் டெலோஸ் லவ்லேஸ் எழுதிய நாவல் வந்துவிட்டது. அதைத்தான் ஆங்கிலத்தில் வாசித்து ஒலிநூலாகப் போட்டிருக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், காங் எந்தக் கையால் எதைப் பிடித்தது என்று எல்லாவற்றையும் அதில் சொல்லிவிடுவதால், அப்பா என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ஒரு அத்தியாயம் கேட்டோம்.

ஒருநாள், மாலுமிகள் பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தின் மேல் ஏறி அதைக் கடக்கும் இடம் வந்தது. காங் அந்த மரத்தைத் தூக்கி உலுக்குகிறது, ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழே விழுகிறார்கள், பள்ளத்துக்குள்ளிருந்து பெரிய பெரிய சிலந்திகள் அவர்களைத் தின்ன வருகின்றன. வெற்றிலை மென்றுகொண்டிருந்த அப்பா அப்படியே நிறுத்தி, கையைத் தூக்கி, "இரு, இரு, இது படத்துல கிடையாது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் பார்த்தது, மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்தச் சிலந்திக் காட்சியை எடுத்தும் இருக்கிறார்கள், கதையின் வேகத்தைத் தடுக்கிறது என்று இயக்குநர் மெரியன் கூப்பரே வெட்டிவிட்டார். அந்தப் படச்சுருள் இன்றுவரை கிடைக்கவில்லை. லவ்லேஸ் முந்தைய திரைக்கதையை வைத்து எழுதியதால் நாவலில் காட்சி தங்கிவிட்டது. படத்தில் 'வெஞ்சர்' என்று வரும் கப்பல் நாவலில் 'வாண்டரர்' ஆக இருப்பதும் இப்படிப் பட்ட வித்தியாசம்தான். கண்ணால் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத ஒரு காட்சி, பார்வை இல்லாத என் அப்பாவுக்குக் காது வழியாகக் கிடைத்தது. இதையா வீண் வேலை என்கிறீர்கள்?

குறை இல்லாமல் இல்லை. தீவு மக்களை நாவல் பேசுகிற விதம் அந்தக் கால வெள்ளைக்காரர் பார்வை, கண்ணால் படிக்கும்போது தாண்டிப் போய்விடலாம், குரலில் கேட்கும்போது ரொம்பவே உறுத்துகிறது, இரண்டு இடத்தில் அப்பாவே முகம் சுளித்தார். வாசிக்கிறவர் மட்டும் அருமை. ஃபே ரே மாதிரி அலறிக் காட்ட முயலாமல், குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொல்கிறார், பயம் அதில்தான் வருகிறது.

உங்கள் பத்திரிகையில் புத்தக மதிப்புரைக்கு வாராவாரம் இடம் இருக்கிறது. அதில் ஒலிநூலுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். எழுதும்போது, அது முழு நூலா சுருக்கமா என்பதையும், அதைக் கேட்க உதவும் செயலியைப் பார்வை இல்லாதவர் அடுத்தவர் துணையில்லாமல் இயக்க முடியுமா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். முதலில் நான் பணம் கட்டிய ஒரு செயலியில், நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அப்பாவால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொன்மலை, திருச்சி.