சுன்னாகம் வீட்டைப் பற்றி, மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம். உன்னுடைய, மருமகளுடைய, பேரப்பிள்ளைகளுடைய சுகத்துக்கு நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். தங்கச்சி வீட்டிலும் எல்லாரும் சுகம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு சுன்னாகம் வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கு நான் சரியாக மறுமொழி சொல்லவில்லை. காணி விஷயம் கதைத்தால் காற்றோடு போய்விடும். இத்தனை காலம் காணிப் பதிவகத்தில் இருந்து மற்றவர்களின் உறுதிகளைப் பதிந்தவள் நான். சொந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த அற்றோணித் தத்துவம், அதாவது உனக்குப் பதிலாக இன்னொருவர் காரியம் பார்க்க நீ எழுதிக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம். மச்சானின் பேருக்குப் பொதுவாக ஒன்று எழுதி அனுப்பப் போகிறேன் என்றாய். மச்சான் நல்ல பிள்ளை, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என்றாலும் பொது அற்றோணி என்றால் விற்கலாம், ஈடு வைக்கலாம், குத்தகைக்குக் கொடுக்கலாம், உன் பேரில் வழக்கும் பேசலாம். சுன்னாகம் வீட்டைப் பார்க்க இவ்வளவும் எதற்கு? வீட்டைப் பராமரிக்க, வீட்டுக்கான சோலைவரி கட்ட, அயலில் ஏதும் பிரச்சினை வந்தால் உன் சார்பில் போய்ப் பேச என்று இன்ன காணி, இன்ன வேலை என எல்லையைக் குறித்துத் தனி அற்றோணியாக எழுது. விற்கும் அதிகாரம் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்துவிடு. தூதரகத்தில் கையெழுத்து வைக்க முன் நகலை எனக்கு அனுப்பு. பிறகு ரத்துச் செய்வதாக இருந்தாலும் வாயால் சொன்னால் போதாது, ரத்தையும் பதிய வேண்டும். மச்சானுக்கும் இதுதான் பாதுகாப்பு. நாளைக்கு யாரும் அவனைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

இனி அந்த வீட்டில் இருக்கிற குடும்பம். இதைத்தான் நான் கனக்க யோசித்தேன்.

அவர்கள் நல்ல சனம். முற்றம் கூட்டிக் கிடக்கிறது, வாழை நட்டிருக்கிறார்கள், பூட்டிக் கிடந்த வீட்டில் விளக்கு எரிகிறது. நீ வாடகை வேண்டாம் என்று விட்டதும் எனக்குப் பிடித்த காரியம்தான். ஆனால் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் விட்டிருக்கிறாய். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. உரிமையாளருக்கு வாடகையோ வேறு எதுவோ கொடுக்காமல், அவருடைய உரிமையை ஏற்காமல், தடையில்லாமல் 10 வருஷம் ஒருவர் ஆண்டால் அந்தக் காணிக்கு அவர் உரிமை கேட்கலாம். அனுமதியோடு வந்தவருக்கு அது சுலபத்தில் கிடையாது. ஆனால் அனுமதி கொடுத்தேன் என்பதை நீ நிரூபிக்க வேண்டி வரும். அன்றைக்கு நானும் இருக்க மாட்டேன், அப்பாவும் ஏற்கெனவே இல்லை. கோட்டில் பேசப் போவது கடதாசிதான்: கரண்ட் பில் யார் பேரில், வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் யார், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தில் யார், சோலைவரி ரசீதில் யார். போன கிழமை நான் போனபோது அந்தப் பிள்ளை, வீட்டைத் தேடி வந்த சோலைவரியைத் தானே கட்டிவிட்டதாகச் சொல்லி ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள். நல்ல மனதோடு செய்ததுதான். காசை அவளிடம் கொடுத்து ரசீதை வாங்கி வந்துவிட்டேன். இனி அதை நான் கட்டுகிறேன்.

போர்க் காலத்தில் காணியை விட்டு ஓடினவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, உரிமை கோர முடியாமல் போனவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்றது. அதற்கும் காலக்கெடு வைத்திருந்தார்கள். இப்போது வெளிநாட்டில் இருப்பவர்களை அது காப்பாற்றும் என்று யாரும் சொன்னால் நம்பாதே.

ஆகவே உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய், உன் அனுமதியில் இருக்கிறார்கள், கேட்கும்போது விடுவார்கள் என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்துக்கொள்வோம். வாடகைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு எழுதினால்தான் செல்லும். 2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டமும் எழுத்தில் உள்ள குத்தகை முடிந்த பிறகு வீட்டை மீட்கத்தான் வழி காட்டுகிறது. எழுதக் கேட்டால் அவர்கள் மனம் நோவார்கள் என்றுதானே நீ தயங்குகிறாய்? மகன், என் மேசைக்கு முன்னால் அழுதவர்கள், ஒன்றாய்ச் சாப்பிட்டு வளர்ந்து பிறகு முகம் பாராமல் போனவர்கள், பெரும்பாலும் எழுதாமல் விட்டவர்கள்தான். அவர்களுக்கும் நிம்மதி வேண்டும். திடீரென்று நீ வந்து வெளிக்கிடச் சொன்னால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாகும்? எத்தனை மாத அறிவித்தல் என்பதையும் அதிலேயே எழுது.

மேற்கு வேலியைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கிளுவங் கதியால்கள் நின்ற இடத்தில் இரண்டு பட்டுப்போய்விட்டன. அயலவர் புதுக் கதியால் நட்டுக் கிடுகு மாற்றிக் கட்டியிருக்கிறார். பழைய அடிக்கட்டை இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது, புதுக் கதியாலோ அதிலிருந்து ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நிற்கிறது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லமாட்டேன், வேலை செய்தவர் கண்மதிப்பில் நட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு சாண் என்றால், உறுதியில் மூன்று பரப்பு என்று இருக்கும், நிலத்தில் இராது. உன் உறுதியில் மேற்கு எல்லைக்கு அயலவரின் பேர் மட்டும்தான் இருக்கிறது, அளவைப் படம் ஒன்றும் இல்லை. சேர்வேயரைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் நிற்க அளந்து, கல் போடுவோம். அதன் பிறகு மதில் கட்டுவதாக இருந்தால் பிரதேச சபையில் அனுமதி எடுத்துத்தான் கட்ட வேண்டும்.

பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைத்தது. சட்டத்தரணிகள் வருவதில்லை, செலவும் இல்லை. இப்படியான சின்ன வழக்குகளுக்குக் கோட்டுக்குப் போக முன் அங்கே போயே ஆகவேண்டும். யாரேனும் பலாத்காரமாக உள்ளே நுழைந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதே. பொலிசில் முறைப்பாடு போட்டு, முதனிலை நீதிமன்ற நடவடிக்கைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அந்த நீதிமன்றத்துக்குப் போனால், உறுதி யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். யார் ஆட்சியில் இருந்தார், முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரை வெளியேற்றினார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அந்த இரண்டு மாதம் கடந்தால் நீண்ட வழக்குத்தான்.

உறுதி பெட்டியில் இருந்தால் போதும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். 1927ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில், முதலில் எழுதியும் பதியாமல் விட்ட உறுதியை, அதே காணியைப் பிறகு விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதி வென்றுவிடும், மோசடி இல்லாதவரை. உன்னுடையது பதிவாகித்தான் இருக்கிறது, நானே பார்த்தேன். ஆனாலும் வெளிநாட்டிலிருப்பவர்களின் காணிக்குப் போலி உறுதி முடிக்கிற கதை இங்கே புதிதல்ல. வருஷத்துக்கு ஒரு முறை பதிவுப் பிரதி எடுத்துப் பார்ப்போம். உன் காணிமேல் ஏதும் எழுத்து பதிவுக்கு வந்தால் உனக்கு அறிவிக்கச் சொல்லிக் கேவியற்றும் போட்டுவைக்கலாம்.

வீடு உன்னுடையது என்றால் அதிலுள்ள ஆபத்தும் உன்னுடையதுதான். கிணற்றுக் கட்டின் ஒரு பக்கம் இடிந்திருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிற இடம். தென்னை ஒன்று பின்வீட்டு ஓட்டுக்கூரைப் பக்கம் சரிந்து நிற்கிறது. தெரிந்திருந்தும் விட்டோம் என்றால் விழுந்த பிறகு நட்டஈடு கேட்க அவர்களுக்கு நியாயம் உண்டு, கேட்காவிட்டாலும் அந்தப் பாவத்தை நான் சுமக்க மாட்டேன். கட்டைத் திருத்த மேசனுக்குச் சொல்லிவிட்டேன், மரத்தை நீ சம்மதித்தால் தறிப்பிப்பேன். மாரியில் சிரட்டையிலும் டயரிலும் தண்ணீர் நின்றால் 2007ஆம் ஆண்டு நுளம்புச் சட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வழக்குப் போடலாம், அதையும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவின் அளவெட்டி முதுசக் காணியில் உனக்கும் தங்கச்சிக்கும் பங்கு இருக்கிறது, சித்தப்பாவும் அத்தையும் பங்காளிகள். உன் பங்கை விற்பதாக இருந்தால், எங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது எழுதியிருக்கிறது. யாராவது பங்குபிரிப்பு வழக்குப் போட்டால் பேசாமல் இருந்துவிடாதே. அந்தத் தீர்ப்பு பொதுவாக வழக்குக்கு வராத பங்காளிகளையும் கட்டும். என் சீதன வீட்டுக்கு நான் நொத்தாரிசிடம் மரணசாதனம் எழுதிவிட்டேன், அதை நேரில் கதைப்போம்.

இப்போது எனக்கு வேண்டியது மூன்று: அற்றோணியின் நகல், அந்தக் குடும்பத்தோடு எழுதச் சம்மதம், தென்னைக்கு உன் சொல். ஐப்பசி மழை தொடங்கினால் நிலம் அளக்க முடியாது. உன் பதில் வந்த அன்றே சேர்வேயருக்குச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா