நீர் ராக்கெட் ஏவுமேடைகள் நான்குக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வரும் தை, மாசி மாதங்களில், ஞாயிறு காலைகளில், ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் அறுவடை முடிந்த திறந்த வெளியில் நாற்பது பிள்ளைகள் தங்கள் கையால் செய்த நீர் ராக்கெட்டுகளை ஏவப்போகிறார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். இதற்காக 40,000 ரூபாய் திரட்ட வேண்டியிருக்கிறது. குளிர்பான பாட்டிலைப் பறக்கவிட இவ்வளவு பணமா என்று கேட்பது நியாயமே. ராக்கெட்டுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. பணத்தில் பெரும்பகுதி தரையில் நிற்கும் சாமான்களுக்குத்தான். அது ஏன் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டுக் கேட்பதே முறை.

வெளிநாடுகளில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட, வெடிமருந்து அடைத்த ராக்கெட் மோட்டார்கள் கடையில் கிடைக்கின்றன. எழுத்துக்கு எழுத்து உந்தத்தின், அதாவது தள்ளுவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவின், உச்சவரம்பு இரட்டிக்கும். சி மோட்டாருக்கு அது 10 நியூட்டன்-வினாடி. நம் நாட்டில் வெடிமருந்து தயாரிக்க 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்துக் குழாயில் அடைப்பது சட்டத்துக்கும் ஆகாது, பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் ஆகாது. அந்தப் பக்கமே போகப்போவதில்லை. தண்ணீரும் காற்றும் போதும்.

போதும் என்றால் குறைவு என்று பொருளல்ல. 2 லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 650 மி.லி. தண்ணீர் ஊற்றி, 60 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்தால், கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம் உள்ளே இருக்கும். வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் நொடிக்குச் சுமார் 28 மீட்டர் வேகத்தில் பீறிடும். கிளம்பும் கணத்தில் தள்ளுவிசை ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமம். நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் தண்ணீர் முழுவதும் தீர்ந்துபோகும். அதற்குள் பாட்டில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்த உந்தம் சி மோட்டாருக்குக் குறைந்ததல்ல. ஆகவே மருந்து ராக்கெட்டுக்கு உள்ள ஒழுங்கு அத்தனையும் இதற்கும் வேண்டும்.

முதலில் ஏவுமேடை. பலரும் அரை அங்குல பி.வி.சி. குழாயை பாட்டில் வாயில் செருகி வேலையை முடித்துக்கொள்கிறார்கள். குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., பாட்டில் வாயின் உள்விட்டம் சுமார் 21.7 மி.மீ. என்பதால் பொருத்தம் என்னவோ சரியாகத்தான் இருக்கும். ஆனால் பி.வி.சி. தண்ணீருக்கான குழாய், அழுத்தக் காற்றுக்கானதல்ல. சேலத்து வெயிலில் நெடுநாள் கிடந்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். காற்று இருக்கும்போது உடைந்தால் சில்லுசில்லாகச் சிதறும். அதனால் செருகும் முனையைப் பித்தளையில் லேத்தில் கடைந்து வாங்குகிறோம். அதில் 2.5 மி.மீ. கனமுள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் வெட்ட வேண்டும். ரிங் முனையின் மேற்பரப்பைவிட அரை மி.மீ. துருத்திக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் காற்று கசியும். கூடினால் பாட்டில் இறங்காது. பிள்ளைகள் பலங்கொண்டு அழுத்தி ரிங்கை அறுத்துவிடுவார்கள். முனைக்கு நடுவே ஏ.சி. மெக்கானிக் கடையில் கிடைக்கும் கால் அங்குல செம்புக் குழாய் 20 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் தண்ணீர் ஹோஸுக்குள் இறங்கி பம்பையும் அழுத்தம் காட்டும் கேஜையும் கெடுக்காது.

பாட்டிலைப் பிடித்துவைப்பவை கேபிள் டைகள். கழுத்தில் இருக்கும் விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு டைகளின் தலைகள் கவ்வி நிற்க, அவற்றை ஒரு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். கயிற்றை இழுத்தால் வளையம் கீழே இறங்கும், டைகள் விரியும், பாட்டில் கிளம்பும். இரண்டு டை முறிந்திருந்தாலே பாட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிளம்பும். ஒவ்வொரு ஞாயிறும் புது டை போடுவது அதனால்தான். கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தால் வளையம் சிக்கிக்கொள்ளும். மேடையின் அடியில் ஒரு கப்பி வைத்து அதன் வழியே கயிறு போனால் இழுவை நேர் கீழாக இருக்கும்.

இனிச் சொல்வதுதான் எங்களுக்கு மிக முக்கியம். கயிறு இழுத்தும் பாட்டில் கிளம்பவில்லை என்றால் என்ன செய்வது? சாதாரண மேடைகளில் டயர் வால்வு மேடையிலேயே இருக்கும். காற்றை வெளியேற்ற வேண்டுமானால் அழுத்தத்தோடு நிற்கும் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் போய்க் குனிய வேண்டும். பாட்டில் கிளம்புவதும் அந்த நேரமாக இருக்கலாம். எங்கள் மேடைகளில் எட்டு மீட்டர் கம்ப்ரசர் ஹோஸ் போட்டு, பம்பு முனையில் T வடிவ இணைப்பு ஒன்று வைத்து, டயர் வால்வு, கேஜ், காற்றைத் திறந்துவிடும் பந்து வால்வு, 75 பி.எஸ்.ஐ.யில் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வு எல்லாவற்றையும் அங்கேயே பொருத்துகிறோம். சிக்கிக்கொண்டால் பந்து வால்வைத் திறக்க வேண்டும், கேஜ் பூஜ்யத்துக்கு வர வேண்டும், அதன்பின் ஒரு நிமிடம் போக வேண்டும். பிறகு பெரியவர் ஒருவர் மட்டும் பக்கவாட்டிலிருந்து போவார். ஒரு மேடையின் செலவில் பாதிக்கு மேல் இந்த ஹோஸும் வால்வுகளும்தான். இதை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

மேடைகளையும் பாட்டில்களையும் சோதிப்பது தண்ணீரால். பாட்டில் நிறையத் தண்ணீர் நிரப்பி, பிளம்பர்கள் குழாய் சோதிக்கும் கைப்பம்பால் 90 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுவோம். உள்ளே காற்று இல்லாததால் உடைந்தாலும் தண்ணீர் ஒழுகுவதோடு சரி. இதில் தேறும் பாட்டிலைப் பத்து ஏவலுக்குப் பயன்படுத்திவிட்டு ஒதுக்கிவிடுவோம். மடிப்போ ஆழமான கீறலோ விழுந்தால் முதல் ஏவலுக்கே எடுக்க மாட்டோம்.

ராக்கெட்டைச் செய்வது பிள்ளைகளின் வேலை. இறக்கைக்கு விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சும் சன்போர்டு என்ற லேசான பலகைத் துண்டு போதும். மூன்று இறக்கை, ஒவ்வொன்றுக்கும் இடையே 120 பாகை. ஹாட் குளூ கூடவே கூடாது. பாட்டிலின் பிளாஸ்டிக் 70 பாகைச் சூட்டுக்கு மேல் இளகும். ஒட்டிய இடமே பலவீனமாகிவிடும். இருபக்க டேப்பும் பேக்கிங் டேப்பும் நன்றாகப் பிடிக்கும். மூக்குக்குப் பாதியாக வெட்டிய ஸ்பாஞ்சுப் பந்து, அதற்குள் 80 கிராம் களிமண். கல், போல்ட், ஆணி எதுவும் வைக்கக் கூடாது. தண்ணீர் இல்லாத ராக்கெட்டை அதன் எடைமையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னே வந்தால் சரி. வால் முன்னே வந்தாலோ குட்டிக்கரணம் போட்டாலோ மூக்கின் எடையைக் கூட்ட வேண்டும் அல்லது இறக்கையைப் பெரிதாக்க வேண்டும். எடைமையம், பறக்கும்போது எதிர்க்காற்றின் விசை தாக்கும் மையத்துக்கு ஒரு பாட்டில் விட்டமாவது, அதாவது 11 செ.மீ. முன்னே இருப்பது நல்லது. பாராசூட் உள்ள ராக்கெட்டுக்குத் துணியில் லேசாகப் பவுடர் தூவி மடிப்பார்கள். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு விரியாது.

நேரத்துக்கும் காரணம் உண்டு. விடியலில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று மெல்ல ஊர்ப்பக்கம் இறங்கும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, காற்று மலைப்பக்கம் திரும்பும். இரண்டுக்கும் நடுவே வெளி அசைவற்று நிற்கும். அந்த நேரம்தான் வேண்டும். ஆறே காலுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுவோம். ஆடியில் அம்மியே பறக்கும் காற்று, அப்போது ராக்கெட் வேண்டாம். காமலாபுரம் விமான நிலையப் பக்கமும் போக மாட்டோம். மின்கம்பியில் மாட்டிய ராக்கெட்டை யாரும் எடுக்கப்போக மாட்டார்கள், அது போனது போனதுதான்.

தரையில் செய்யும் வேலையின் அருமை நம் வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. நிலவில் இறங்கும் கலத்தைப் பூமியிலேயே சோதிக்க இஸ்ரோ தயாரித்த, நிலவு மண் போன்ற செயற்கை மண்ணுக்கான பாறை, பக்கத்து நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலிருந்து போனது.

செலவுக் கணக்கு இது. நான்கு மேடைகளுக்கு, ஹோஸும் வால்வும் சேர்த்து, தலா 4,500 வீதம் 18,000 ரூபாய். கேஜ் உள்ள நிற்கும் பம்பு நான்கு 6,000. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி நாற்பது 3,200. எல்லைக் கயிறு, முளை, கொடி, ஒலிபெருக்கி 2,800. முதலுதவிப் பெட்டி 1,000. டேப், களிமண், பாராசூட் துணி, கேபிள் டை எல்லாம் பிள்ளைக்கு 150 வீதம் 6,000. சாமான் ஏற்றிப்போகும் வண்டிக்கும் வெளியைத் துப்புரவு செய்வதற்கும் 3,000. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. கடை பில்கள் ஏவும் இடத்திலேயே பலகையில் ஒட்டப்படும். 150 ரூபாய் தந்தாலும் ஒரு பிள்ளையின் ராக்கெட் முழுமையாகிவிடும்.

பணமாகத் தர இயலாதவர்கள் வேறு வழியிலும் உதவலாம். லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் அரைநாள் வேலை தந்தால் நான்கு முனைகளும் கடைந்துவிடலாம். பிளம்பர்கள் சோதனைப் பம்பை இரண்டு நாள் இரவல் தரலாம். விளம்பரப் பலகைக் கடைக்காரர்கள் கழிவு சன்போர்டைத் தூக்கிப்போடாமல் எடுத்துவைக்கலாம். ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன் முப்பது ஏவலுக்கு வரும். ஒவ்வொரு ஞாயிறும் நான்கு கேன் யாராவது ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி.

கல்யாண மண்டபம் நடத்துவோரிடம் தனியாக ஒரு விண்ணப்பம். விருந்து முடிந்ததும் 2 லிட்டர் சோடா, கோலா பாட்டில்களைச் சேர்த்துவையுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் உதவாது. அடியில் ஐந்து கால் உள்ள குளிர்பான பாட்டில்தான் அழுத்தம் தாங்கும். நசுக்க வேண்டாம், வெந்நீரில் கழுவ வேண்டாம், வெயிலில் போட வேண்டாம். மூடியையும் திருகியே கொடுங்கள். ஓ ரிங் உட்காரும் வாயின் உள்பக்கம் கீறல் விழாமல் காப்பது அந்த மூடிதான்.

இப்படிக்கு,
நீர் ராக்கெட் விழாக் குழுவினர், சேலம்