நீ சொன்ன அரண்மனை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே “அப்புறம் பேசறேம்மா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நானும் அப்பாவும் பத்மநாபபுரம் போய் வந்தோம். நீ அஞ்சாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு போய் வந்து ஒரு வாரம் வாய் ஓயாமல் சொன்னாயே, அதே அரண்மனைதான். அன்றைக்கு நான் துணி மடித்துக்கொண்டே ‘ம்’ கொட்டினேன். முட்டை போட்டுச் செய்த தரை, தலையாட்டுகிற குதிரை, அறுபது மரத்தில் ஒரு கட்டில் என்று நீ அடுக்கியபோது, பாதிக்கு மேல் உன் கற்பனை என்றே நினைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் அப்பா கதை. “எல்லாம் விசாரிச்சாச்சு” என்று கூட்டிப்போனார். தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால் கதவு சாத்தியிருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறையாம். ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்டால் சொல்லியிருப்பாராம்! நாகர்கோவிலுக்குத் திரும்பி, ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் முதல் ஆளாக நின்றோம். அப்பா அன்று முழுக்க என்னைவிட இரண்டடி முன்னால்தான் நடந்தார்.

உள்ளே நுழைந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்த கண்ணுக்கு இது அரண்மனையாகவே தெரியவில்லை. சுற்றிலும் கருங்கல் கோட்டை மதில், நடுவில் ஓடு வேய்ந்த வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. யாரோ வசதியான மிராசுதார் வீடு மாதிரி. பூமுகம் என்கிற முன்கூடத்தில் தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயடைத்துப் போனேன். மரக்கூரையில் 90 பூ செதுக்கியிருக்கிறார்களாம், ஒன்று போல் இன்னொன்று இல்லையாம். முப்பது வரை எண்ணினேன், கழுத்து ஒத்துழைக்கவில்லை.

உன் குதிரை அங்கேதான் தொங்குகிறது. குதிரை மேல் ஒரு வீரன் உட்கார்ந்திருக்கிற பித்தளை விளக்கு. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்குமாம், சங்கிலியின் வேலை அது. தலையெல்லாம் ஆட்டவில்லை. அது நீ சேர்த்தது.

தரை விஷயத்தில் நீ சொன்னது சரி. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு, ஏதோ செடிச்சாறு எல்லாம் கலந்து போட்டதாகச் சொல்கிறார்கள். கன்னங்கரேலென்று முகம் தெரிகிறது. செருப்பை வெளியிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெறுங்காலில் நடக்கும்போது உள்ளங்காலில் ஏறுகிற அந்தக் குளிர்ச்சியை என்ன சொல்ல! நம் வீட்டு டைல்ஸை நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மேலே மாடியில் மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு பேசுகிற இடம். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அபிரகத் தகடு, மைக்கா என்பார்களே அது. வெளிச்சம் வருகிறது, வெயிலின் சூடு வரவில்லை. மரச்சட்டம் அடித்த சாய்வு ஜன்னல்களும் அங்கங்கே இருக்கின்றன, வெளிப்பக்கமாகத் தள்ளிக் கட்டியவை. உள்ளே நிற்பவருக்குக் கீழே தெரு தெரியும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. காற்று தாராளமாக வருகிறது, சாரல் அடிக்காது. அந்தப் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும். கூரை ஏன் அவ்வளவு சரிவாக இறங்குகிறது என்று அப்பா கேட்டார். கேட்டவரே பதிலும் சொல்லிக்கொண்டார். ஓய்வுபெற்ற வாத்தியாரோடு போனால் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் பழசு தாய்க் கொட்டாரம். கொட்டாரம் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் அரண்மனை. நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், பாட்டி வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. அங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்கிறார்கள், இப்போது அடைத்துவிட்டார்களாம். அதில் நீ பாதி தூரம் போனதாகச் சொன்னாய். நினைவிருக்கிறதா?

வரலாற்றை அப்பா சொன்னபடியே எழுதுகிறேன். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்ட ஆரம்பித்தது. அப்போது ஊர்ப் பெயர் கல்குளம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தில்தான் இது பெரிதானது. அவர் 1750இல் தன் திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சாமியின் வேலைக்காரனாக நின்று ஆண்டார். ஊரும் பத்மநாபபுரம் ஆனது. அந்த நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956இல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அதனால்தான் உள்ளே விளக்கம் சொல்கிறவர்கள் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறார்கள்.

உன் கட்டிலைப் பார்த்தேன். அறுபது இல்லை, 64 மூலிகை மரமாம். டச்சு வணிகர்கள் பரிசாகக் கொடுத்தது என்கிறார்கள். 1741இல் குளச்சல் போரில் இதே மார்த்தாண்ட வர்மாவிடம் அடி வாங்கியவர்கள்தானே டச்சுக்காரர்கள்! பிடிபட்ட தளபதி டி லனாய் அப்புறம் இவருடைய படைக்கே பயிற்சி கொடுத்து, இங்கேயே வாழ்ந்து செத்தார். பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அப்பா அந்தத் தமிழை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார், நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டில் இருக்கிற அந்த மாளிகை நாலு மாடி. கீழே கருவூலம், மேலே மேலே ராஜாவின் அறைகள், உச்சியில் சாமி அறை. சுவரெல்லாம் ஓவியமாம். கெட்டுப்போகும் என்று மேலே விடுவதில்லை. நியாயம்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

நீ சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். பத்து வயசில் அது உன் கண்ணில் பட்டிருக்காது. நவராத்திரி மண்டபம் முழுக்கக் கல். வழவழவென்ற தரை, சிற்பத் தூண்கள், நாட்டியமும் கச்சேரியும் நடந்த இடம். அதைப் பார்க்க அரண்மனைப் பெண்களுக்கு ஒரு தனி இடம், முன்னால் மரத்தடுப்பு, அதில் சின்னச் சின்ன ஓட்டை. அங்கே நின்று கண்ணை வைத்துப் பார்த்தேன். தூணில் பாதி தெரிந்தது, தரையில் கொஞ்சம் தெரிந்தது. ராணியாக இருந்தாலும் இவ்வளவுதான் போலிருக்கிறது. நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு அப்பா “வா, வா” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனேன்.

பக்கத்துக் கோயிலின் சரஸ்வதி, கம்பர் கும்பிட்ட சிலை என்கிறார்கள். வருஷா வருஷம் நவராத்திரிக்கு யானை மேல் திருவனந்தபுரம் போய்த் திரும்பி வருகிறாள்.

ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சாப்பிடுகிற ஊட்டுப்புரையை நீ சரியாகத்தான் சொல்லியிருந்தாய். அங்கே இருக்கிற ஊறுகாய் ஜாடிகளில் நீ ஒளிந்துகொள்ளலாம், அப்போதைய நீ.

கடைசியாக அந்தக் கல். படையில் சேர வருகிறவன் தலைக்கு மேல் நூறு தடவை தூக்க வேண்டிய கல். நீ ஒரு தடவை தூக்கினேன், டீச்சர் கைதட்டினார் என்றாய். அதன் எடை 38 கிலோ, பாப்பா. அன்றைக்கு நீயே 24 கிலோதான். அப்பாவிடம் சொன்னேன். “நம்ம பொண்ணு தூக்கியிருப்பா” என்கிறார்.

டிசம்பரில் நீ வரும்போது மூன்று பேரும் போவோம். டிக்கெட் போடும்போது திங்கட்கிழமையை மட்டும் விட்டுவிடு.

அன்புடன்,
அம்மா