அந்த மெக்கானிக்கின் பெயரைப் போடு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாமல் இருந்தது தப்பு, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவின் மூட்டுவலி தேவலையா? நம்ம ஃபோர்மேன் ஐயாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். ரைட் சகோதரர்களின் 1903 விமான எஞ்சினை மாதிரியாகச் செய்து, அதன் கிராங்க் ஷாஃப்டை, அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டைப் பிள்ளைகள் கண்ணெதிரே பலகையிலிருந்து வெட்டிக் கடைந்து காட்டப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அதே கடிதத்தில் "12 ஹெச்.பி.தானே, நம்ம ஊர்ப் பம்பு செட்டே 10 ஹெச்.பி. இருக்கே" என்றும், "மாதிரியோடு வைக்கும் போர்டில் ரைட் சகோதரர்கள் பெயர் போதும், எஞ்சினைச் செய்த மெக்கானிக் பெயர் எதற்கு?" என்றும் எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். நீயே ஒரு மெக்கானிக். நீ கேட்கலாமா இதை?

அந்த மெக்கானிக் சார்லி டெய்லர். 1868 மே 24-இல் இல்லினாயில் பிறந்தவர். 1901-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் மணிக்கு 30 சென்ட் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அண்ணனும் தம்பியும் கிளைடரோடு, பறந்து பார்க்கும் இடமான கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் கடை அவர் பொறுப்பில் இருக்கும். 1902 டிசம்பரில் எஞ்சின் கம்பெனிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள்: 8 ஹெச்.பி. வேண்டும், எடை 180 ராத்தலுக்கு, அதாவது சுமார் 82 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒருவரிடமும் சரியான எஞ்சின் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். அதுவரை பெட்ரோல் எஞ்சினில் டெய்லர் கை வைத்தது ஒரே ஒரு தடவை, ஒரு காரின் எஞ்சினைப் பழுதுபார்க்க முயன்றபோதுதான். கடையில் இருந்த லேத்தும் ட்ரில்லும் ஒரு சிலிண்டர் கேஸ் எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் ஓடுபவை. இவ்வளவை வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் முடித்தார்.

முறையான வரைபடம் கிடையாது. மூவரில் யாராவது ஒருவர் அந்தந்தப் பாகத்தைத் துண்டுக் காகிதத்தில் கிறுக்குவார்; டெய்லர் அதைத் தன் பெஞ்சுக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்.

இப்போது கிராங்க் ஷாஃப்ட். 31 இஞ்ச் நீளம், 6 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் 5 நூல் (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு இஞ்ச்) கனம் உள்ள ஒரு டூல் ஸ்டீல் பலகை. தட்டையான பலகையில் எப்படி முழு ஷாஃப்டும் அடங்குகிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நாலு சிலிண்டர் கிராங்கில், பிஸ்டன் கம்பிகள் வந்து மாட்டும் பின்களில் 1-ஆம், 4-ஆம் பின்கள் ஒரு பக்கம், 2-ஆம், 3-ஆம் பின்கள் எதிர்ப்பக்கம். எல்லாம் ஒரே தளத்தில் படுத்திருக்கும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு திசையில் ஓடும் தூரம், 4 இஞ்ச் என்பதால் மையத்திலிருந்து ஒவ்வொரு பின்னும் 2 இஞ்ச் தள்ளி நிற்கும். பின்னின் கனத்தையும் அதைச் சுற்றியுள்ள கையையும் (பின்னை ஷாஃப்டோடு இணைக்கும் பகுதி) சேர்த்தால் 6 இஞ்சுக்குள் அடங்கிவிடும். ஆறு சிலிண்டராக இருந்தால் இந்த வித்தை நடக்காது. 120 டிகிரிக்கு முறுக்க வேண்டிவரும்.

பலகையில் உருவத்தைக் கோடு போட்டு, கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாக வரிசையாகத் துளை போட்டார். துளைகள் நெருங்கியதும் சுத்தியலும் உளியும் வைத்துத் தேவையில்லாத துண்டுகளைத் தட்டி எடுத்தார். மீதியை லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பலகை 39 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறையும். முடிந்த ஷாஃப்ட் 19 ராத்தல், 8.6 கிலோ. நாலில் மூன்று பங்குக்கு மேல் தூளாகவும் துண்டாகவும் போயிருக்கிறது, மச்சான்!

நீ செய்யும்போது சில விஷயங்களை மறந்துவிடாதே. பலகையின் இரண்டு முனையையும் முதலிலேயே வெட்டிவிடாதே. முழு அகலத்தில் விட்டு வை. பின்களைக் கடைய, லேத்தில் பிடிப்பதற்கான 2 இஞ்ச் தள்ளிய சென்டர் துளைகள் அங்கேதான் வரவேண்டும். அப்படிப் பிடித்துச் சுற்றும்போது எதிர் ஓரம் 5 இஞ்சுக்கு மேல் வெளியே சுழலும். உன் லேத்தின் சேடிலில் (வெட்டும் உளியைத் தாங்கும் பகுதி) இடிக்காமல் போகுமா என்று கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடு. ஒரு பக்கம் கனம் கூடுவதால் எதிர் எடை கட்டு, வேகத்தைக் குறை. கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கட்டை கொடுத்து இறுக்காவிட்டால், சென்டர் அழுத்தத்தில் ஷாஃப்ட் வில் மாதிரி வளையும். அளவு சரியாக வந்தது போலத் தெரியும், கழற்றியதும் கோணியிருக்கும். பொருள் போகப் போக உள்ளே அடங்கிக்கிடந்த இழுவிசையும் விடுபட்டு வளைக்கும். அதனால் எல்லா இடத்தையும் முதலில் ரஃபாகக் கடைந்து, ஒருநாள் விட்டு ஃபினிஷிங் எடு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டரின் உள்விட்டமும் ஸ்ட்ரோக்கும் 4 இஞ்ச், படுக்கை வாட்டத்தில் நாலு சிலிண்டர். கிராங்க் ஷாஃப்டை மூடும் கூடான கிராங்க் கேஸும், சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் ஜாக்கெட்டும் ஒரே அலுமினிய வார்ப்பு, 100-க்கு 8 பங்கு செம்பு கலந்தது. கார்புரேட்டர் இல்லை: மேலே டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி, சூடான தட்டில் ஆவியாகிக் காற்றோடு போகும். இன்லெட் வால்வை பிஸ்டனின் உறிஞ்சலே திறக்கும். ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே தொட்டுப் பிரியும் பாயின்ட்கள். வாட்டர் பம்பும் இல்லை.

உன் 12 ஹெச்.பி. கேலிக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஓட ஆரம்பித்த சில விநாடிகள் அது 16 ஹெச்.பி. கொடுத்தது. வால்வு இருக்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் கிடையாது. அது பழுக்கக் காய்ந்ததும் உள்ளே வரும் காற்று விரிந்து, சிலிண்டருக்குள் போகும் அளவு குறையும். 12-இல் வந்து நிற்கும். கேட்டது 8. அவர்களுக்கு அது போதும், ஏனென்றால் புரொப்பெல்லரை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்கள்: எஞ்சினில் 8 பல், புரொப்பெல்லரில் 23 பல் என்று செயின் போட்டு, எட்டரை அடி புரொப்பெல்லர்களை மெதுவாகச் சுற்றவிட்டார்கள். 1903 டிசம்பர் 8-இல், அவர்களோடு போட்டியில் இருந்த விஞ்ஞானி லாங்லியின் விமானம் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. சார்லஸ் மேன்லி செய்த அதன் எஞ்சின் 52 ஹெச்.பி.; உலகத்தரம்! ஒன்பது நாள் கழித்து 12 ஹெச்.பி. பறந்தது. பம்பு செட்டோடு ஒப்பிட்டாயே, நியாயமா?

முதல் ஓட்டம் 1903 பிப்ரவரி 12. மறுநாளே பெட்ரோல் சொட்டி பேரிங்கில் இறங்கியது. பேரிங் சுற்றாமல் இறுகிப் பிடித்து, கிராங்க் கேஸ் உடைந்தது. புது வார்ப்பு வர ஏப்ரல் 20 ஆயிற்று. கிட்டி ஹாக்கில் புரொப்பெல்லர் குழாய் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொண்டன, பிறகு விரிசல் விட்டன. கடைசியில் ஆர்வில் டேட்டனுக்கே போய், குழாய்க்குப் பதில் கெட்டியான ஸ்பிரிங் ஸ்டீல் ஷாஃப்ட் கொண்டுவந்தார். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) தளர்ந்ததற்கு சைக்கிள் டயர் ஒட்டும் சிமென்ட் வைத்தார்கள். டிசம்பர் 17, முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. நாலாவது 59 விநாடி, 852 அடி. அன்றே காற்று விமானத்தைப் புரட்டி எஞ்சினையும் உடைத்தது. 1906-இல் நியூயார்க் கண்காட்சிக்குப் போன அந்த முதல் ஷாஃப்டும் ஃப்ளைவீலும் திரும்பி வரவில்லை. அந்த 19 ராத்தலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

1911-இல் கால் ரோஜர்ஸ் அமெரிக்காவைக் கடலிலிருந்து கடல் வரை பறந்து கடந்தபோது, விழுந்து நொறுங்கிய விமானத்தைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொடுத்தவர்களில் டெய்லரும் ஒருவர். பின்னாளில் கலிபோர்னியாவில் நிலம் வாங்கிப் பணத்தை இழந்தார். 1937-இல் ஹென்றி ஃபோர்டின் ஆட்கள் தேடிப் பிடித்தபோது லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருடத்தில் ஏழு சென்ட் கூடியிருக்கிறது. பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. ஆர்வில் தன் உயிலில் வருடம் 800 டாலர் எழுதி வைத்தார். அதுவும் போதவில்லை. 1955-இல் ஏழைகளுக்கான மருத்துவமனை வார்டில் கிடந்தார். விமானத் துறையினர் பணம் திரட்டித் தனி இடத்துக்கு மாற்றினார்கள். சில மாதம்தான். 1956 ஜனவரி 30-இல், 87 வயதில் போய்விட்டார்.

எஞ்சினின் யோசனையில் ரைட் சகோதரர்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிறுக்கிய காகிதத்துக்கும் ஓடுகிற எஞ்சினுக்கும் நடுவில் எத்தனை முடிவு எடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். எந்தக் கோட்டை விட்டு எத்தனை நூல் தள்ளித் துளை போடுவது என்பதும் டிசைன்தான். ஆகவே போர்டில் மூன்று பெயர், ஒரே எழுத்து அளவில். "உதவி: சார்லி டெய்லர்" என்று எழுதினால் நான் வந்து அழித்துவிட்டு எழுதுவேன்.

உன் லேத்து சேடிலுக்கு மேல் எத்தனை இஞ்ச் சுற்ற விடும், பலகை எந்த ஸ்டீல் கிடைத்தது என்று உடனே எழுது. ஸ்டீலைப் பார்த்துத்தான் ட்ரில் வேகம் சொல்ல முடியும். துளை போட ஆரம்பிக்கும் முன் எனக்கு எழுதிவிடு.

உன்,
மாப்ளே