லீட்ஸில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள அம்மணி,

கட்டிங் ரூம் பாடம் ஆரம்பித்துவிட்டது என்றாய், சந்தோஷம். கத்தியைப் பற்றி நிறையச் சொல்லிக் கொடுப்பார்கள். வெட்டுவதற்கு முன் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பதைச் சட்டென்று கடந்துவிடுவார்களோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை நீ இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. 1858 வாக்கில் ஜான் பாரன் என்ற லீட்ஸ் முதலாளி, மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தைப் பார்த்து அதைத் துணிக்குக் கொண்டுவந்தார். ஒரே வெட்டில் பல அடுக்கு! பார்க் ஸ்கொயரில் 1878-இல் அவருக்காகக் கட்டிய செயின்ட் பால்ஸ் ஹவுஸ் இன்னும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

கத்தி வேகமானதும் அடுக்கு உயர்ந்தது, பாரம் முழுக்க விரிக்கிறவன் கைக்கு வந்தது. திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துணி ரோலைக் கம்பியில் மாட்டி மேசைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக நடப்போம். கொஞ்சம் எட்டி நடந்தாலும் பனியன் துணி இழுபடும். மேசையில் ஒன்றும் தெரியாது. வெட்டிய பிறகுதான் சுருங்கி, அந்த அடுக்கின் துண்டுகள் மட்டும் அளவு குறையும். திட்டு வாங்குவது தைத்தவர்கள்.

பிறகு வந்த, ரோலைச் சுமந்து மேசையோரத் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டி தூக்கிச் சுமப்பதைத்தான் குறைத்தது. மோட்டார் வைத்த வண்டி நடையைக் குறைத்தது. என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் அந்த வண்டியில் வந்த தொட்டில்தான். ரோலை அதில் கிடத்தினால் பெல்ட் சுழற்றி, வண்டி ஓடும் வேகத்துக்கே துணியை விடும். துணி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. ஓரம் விலகினால் ஒளிக்கண் கண்டுபிடித்து நேராக்கும்.

வியன்னாவிலிருந்து நாஜிகளிடம் தப்பி 1940-இல் அமெரிக்கா போன ஜோசப் கெர்பர், 1969-இல் கம்ப்யூட்டர் கட்டரைக் கொண்டுவந்தார். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, கீழே காற்றை உறிஞ்சி அடுக்கை அமுக்கிப் பிடிக்கும். அருமையான மூளை. ஆனாலும் இழுத்து விரித்த துணியை அந்த மெஷினாலும் சரிசெய்ய முடியாது. லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணியென்றால் ரோலைப் பிரித்து ஒரு நாளாவது ஆறப்போட்டுவிட்டுத்தான் விரிக்க வேண்டும். அவசர ஆர்டர் என்று யார் சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்காதே.

உங்கள் லேபில் ஸ்ப்ரெடர், அதாவது துணி விரிக்கும் மெஷின், இருந்தால், அது ஓடும்போது தொட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் துணி எப்படி இறங்குகிறது என்று குனிந்து பார். விறைப்பாகவும் இருக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. அந்த இடத்தை மட்டும் வீடியோ எடுத்து அனுப்பு, இங்கே புதுப் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா