மேடு வருது என்று சொன்ன ஆட்டோ அண்ணனுக்கு

எல்லாருக்கும் வணக்கம். என் கழுத்தில் அடிபட்டபோது என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பது இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்று பிசியோதெரபியில், "இனிமே வாராவாரம் வர வேண்டாம், வீட்டிலேயே பயிற்சி செய்யுங்க, மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அழுகை வேறு. இந்தச் சூட்டிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன், ஆறப் போட்டால் எழுத மாட்டேன். இரண்டு கையையும் மாற்றி மாற்றித்தான் தட்டுகிறேன், பிழை இருந்தால் "இவங்கதான் தமிழ் டீச்சரா" என்று கேட்காதீர்கள்.

முதலில் ஒன்று. வலி போய்விடவில்லை. கழுத்தில் எலும்பு 7, அங்கிருந்து கிளம்புகிற நரம்பு 8 ஜோடி. எனக்கு அடிபட்டு நசுங்கியது ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வெளியே வருகிற நரம்பு. அது தோள் வழியாக இறங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகிறது, அதாவது சாக்பீஸ் பிடிக்கிற அதே இரண்டு விரலுக்கு. சில நாள் எறும்பு ஊரும், சில நாள் கொதி எண்ணெய் தெறித்த மாதிரி எரியும், ஃபேன் காற்று பட்டாலே கையை மடியில் ஒளித்துக்கொள்வேன். கழுத்தை வலப்பக்கம் திருப்பினால் சுரீரென்று விரல் நுனிவரை கரண்ட். ப்ரீகாபலின் என்கிற நரம்பு வலி மாத்திரை போட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும், ஆனால் எட்டாம் வகுப்பு முன்னால் நின்றுகொண்டே தூங்கி விழ வேண்டியதுதான். வெளியே பார்த்தால் கட்டும் இல்லை, காயமும் இல்லை, கழுத்துக் காலரைக் கழற்றிய அன்றே எல்லார் கணக்கிலும் நான் குணமாகிவிட்டேன். ஒரு டாக்டர், அவர் யார் என்பது வேண்டாம், படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வலி வர்ற அளவுக்கு இதில ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். அன்று ராத்திரி, நானே கற்பனை செய்துகொள்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சரி, ஆட்டோ அண்ணனுக்கு வருகிறேன். மதுரை வில்லாபுரத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அவர் வண்டியில் முதல் தடவை போனபோது தெற்குவாசல் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது, நான் கத்திவிட்டேன். அவர் வண்டியை ஓரங்கட்டினார். ஸாரி சொல்லவில்லை, என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எந்தப் பக்கம், டீச்சரம்மா?" என்றார். வலது என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், தலையைத் திருப்பாமலே, "டீச்சரம்மா, மேடு" என்றார். அப்புறம் எல்லா வாரமும் அவர்தான். "குட்டி மேடு." "பெரிசு." "பள்ளம், வலப்பக்கம்." கீழவாசல் கிட்ட வரும்போது குரலே மாறும், "பிடிச்சுக்கங்க" என்பார். ஆஸ்பத்திரி வாசல்வரை மொத்தம் 11 மேடு, அவருக்கு மனப்பாடம். நடந்து போகிறவர் எங்களை முந்திப் போவார். பின்னால் ஹாரன் அடித்துக் கத்திய ஒரு பைக் பையனிடம், "உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு தம்பி, நீ போ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் கழுத்து வலித்து, அது வேறு கதை.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எதிர்பாராமல் குலுங்கினால் கழுத்துத் தசை மொத்தமும் வெடுக்கென்று இறுகிக்கொள்கிறது, அப்புறம் எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. முன்னாலேயே தெரிந்தால் முகவாயை உள்ளே இழுத்து, முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து, மூச்சை விட்டுத் தயாராகிவிடலாம். பிசியோவில் கற்றுக்கொண்ட பயிற்சியை நான் உண்மையில் பழகியது அந்த ஆட்டோவில்தான். இன்னொன்றும் உண்டு. இந்த 14 மாதத்தில் "இப்போ எப்படி இருக்கு?" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு "பரவாயில்லை" என்று பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே மரத்துப்போயிருந்தது. அவரிடம் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. வலி இருக்கிறது, மேடும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். "சுளுக்கு எடுக்கிறேன், சொடக்கு எடுக்கிறேன்னு யாரையும் கழுத்தில கை வைக்க விடாதீங்க" என்று வாராவாரம் மிரட்டிய பிசியோதெரபி தங்கச்சிக்கும், என் பீரியடுகளை முகம் சுளிக்காமல் எடுத்த சக ஆசிரியைகளுக்கும், நான் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதிய (நிறைய சந்திப் பிழையோடு) என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், எங்கள் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போட்ட எதிர்வீட்டு அத்தைக்கும், மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும் நன்றி. பின்னல் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கிறது, பரவாயில்லை.

இனி நானும் யாரிடமும் "இன்னும் சரியாகலையா?" என்று கேட்கப் போவதில்லை. கேட்டிருக்கிறேன், பலரிடம், அன்போடுதான் கேட்டிருக்கிறேன்.

நேற்று இறங்கும்போது அண்ணனிடம் ஒரு கவரைக் கொடுத்தேன். வாங்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம் டீச்சரம்மா. நீங்க படிச்சவங்க, அந்தக் கீழவாசல் மேட்டுக்குக் கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு எழுதிப் போடுங்க" என்றார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைப் பொறியாளர்களின் அமைப்பு) விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெல்ல ஏறி இறங்குகிற சரிவாக இருக்க வேண்டுமாம். கீழவாசல் மேடோ அம்மிக்கல்லைக் குறுக்கே போட்ட மாதிரி இருக்கிறது. நேற்று ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிட்டேன், பேனா பிடித்து, வலது கையால், ஒன்றரைப் பக்கம். கையெழுத்து கோணல்தான். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவர் வண்டியில்.